வடித்த துணியை எங்கே அலசுவது?

வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நான் பிறந்து வளர்ந்த இல்லத்தில், கிணற்றில் நீர் சேந்துவதே ஒரு விரதம்போல நடைபெறும். என் அன்னையார் குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இருமடியாகக் கட்டி நீரை வடிப்பார்கள். அதன்பின் அத்துணியை வடித்த நீராலேயே அலசி, அந்த அலசல் நீரைச் செம்பில் எடுத்து, கயிற்றில் கட்டி மெல்ல இறக்கி, கிணற்று நீர்மட்டத்தில் கவிழ்ப்பார்கள். மேலிருந்து ஊற்றினால் சிற்றுயிர்கள் அதிர்ச்சியில் மடியும் என்பார்கள். வேறு கிணற்றிலும் விடலாகாது. எந்த நீரில் தோன்றினவோ அந்த நீருக்கே அவை திரும்ப வேண்டும்.

ஆசிரியப் பயிற்சி முடித்துத் திருவொற்றியூரில் பணியேற்ற பின்னும் குழாய் நீரைத் துணியில் வடித்தே பருகினேன். துணியை அலசிய நீரை மட்டும் கழுவுதொட்டியில் ஊற்றினேன். விரதத்தின் ஒரு பாதியை ஊரிலேயே விட்டுவந்ததை நான் உணரப் பல்லாண்டுகள் ஆயின. உணர்த்தியவர் என் பழைய மாணவி ஒருவர். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்து ஓய்ந்தபோது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கிளம்பிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தை அடைந்தது. படகும் வலையும் கறுத்தன. அலையாத்திச் செடிகளின் அடித்தண்டுகளில் எண்ணெய் படிந்தது. கூழைக்கடாக்களின் வெண்சிறகுகளில் கரிய திட்டுகளைக் கண்டோம். அதே மாதம் 26ஆம் நாள் இரவு, உர ஆலைக்கு அம்மோனியா கொணரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினர். 2017 ஜனவரி 28இல் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும், அதனை வாளி வாளியாக அள்ளியதையும் அவர்கள் மறந்திருக்கவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்து ஆழம் குறைந்த கதையோ இதனினும் நீண்டது.

அந்நாட்களில்தான் அம்மாணவி என்னைக் காண வந்தார். பேச்சினிடையே, கடிந்துகொள்ளும் குரலின்றி, "டீச்சர், நாங்க மீனைக் கொல்றவங்க, நீங்க எறும்பையும் மிதிக்காதவங்க. ஆனா இந்த ஆத்துக்காக ரோட்டுல உக்காந்தது நாங்கதானே?" என்றார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பாடம் நடத்திப் பழகிய எனக்கு அன்று விடை வாய்க்கவில்லை.

அவ்வினாவின் உள்ளே கடினமான ஒரு தத்துவ வினா இருக்கிறது. நாம் உயிர்க்கொலை தவிர்ப்பது அவ்வுயிரின் பொருட்டா, நம் ஆன்மாவில் வினை ஒட்டாதிருக்கவா? பின்னதே என்றால், கழிமுகம் அழிந்தாலும் என் கை தூய்மையாயிருந்தால் போதும் என்றாகிவிடும். சமய நம்பிக்கை இயற்கையைப் பேணப் போதிய அடிப்படையன்று என்போர் சுட்டுவதும் இவ்விடத்தைத்தான். 1967இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட், இயற்கைச் சீர்கேட்டின் வேரை மேலைக் கிறித்துவச் சிந்தனையில் தேடினார். நாம் அதைப் படித்து மகிழ வேண்டியதில்லை. வடசென்னையில் எல்லாச் சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் உள்ளன. புழலில் ஆதிநாதரும் எழுந்தருளியிருக்கிறார். ஆறு கெட்டது இத்தனை பேரும் வணங்கிக்கொண்டிருந்தபோதுதான்.

எனினும் நம்பிக்கையை விலக்கிவிட்டுப் பயனை மட்டும் கணக்கிடலாம் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பயன் கணக்கில் மின்சாரமும் உரமும் பெட்ரோலும் ஒரு தட்டில்; இறாலும் நண்டும் மறுதட்டில். எந்தத் தட்டு தாழும் என்று எண்ணூருக்குத் தெரியும். நிலமும் நீரும் தீயும் காற்றும் உயிர்க்கு உடலாகும் என்று கொள்ளும் நம் சமயம் ஒன்றே அக்கணக்கை மறித்து, சந்தையில் விலைபோகாத சேற்றையும் கணக்கில் சேர்க்கிறது. 1990 அக்டோபர் 23 அன்று பக்கிங்காம் அரண்மனையில் இளவரசர் பிலிப்பிடம் அளிக்கப்பட்ட, எல்.எம். சிங்வி எழுதிய இயற்கை குறித்த ஜைனப் பிரகடனத்தை நம்மவர் பெருமையோடு நினைவுகூர்வர். பெருமை தவறன்று. ஆனால் பிரகடனம் அரண்மனையில் நின்றுவிட்டது. அதே பெயர்கொண்ட நம் கால்வாயில் எண்ணெய் ஓடியது.

சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இல்லறத்தாருக்கு அனர்த்த தண்ட விரதத்தை விதிக்கின்றன. பயனின்றி மண்ணைக் கிளறுவது, நீரைச் சிதறுவது, தீ மூட்டுவது, செடியை வெட்டுவது ஆகியவை அதில் பிரமாதம் எனப்படும். (இன்று நாம் 'மிக நன்று' என்னும் பொருளில் வழங்கும் அச்சொல்லுக்கு மூலப்பொருள் அசட்டை!) கொல்லும் எண்ணம் இல்லையே என்று சொல்லித் தப்ப அங்கே இடமில்லை, கவனமின்மையே குற்றம். பிறர் கையில் கொலைக்கருவி கொடுப்பதும் அதே விரதத்தில் விலக்கப்பட்டுள்ளது. ஆகவே தன் கைத்தூய்மை மட்டும் போதும் என்பது நம் அறமன்று. நாம் அதனைச் சுருக்கிக்கொண்டோம். அன்னையார் செம்பை இறக்கியபோது அவர்களுடைய குடம் முன்பே நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு செய்தது முழுவதும் கிணற்றுக்காக.

என்னைப் பற்றியும் கூற வேண்டும். காலஞ்சென்ற என் கணவர் இத்தொழிற்பகுதியிலுள்ள நிறுவனம் ஒன்றின் பங்குகள் சிலவற்றை வாங்கி வைத்திருந்தார். அதன் ஈவுத்தொகையில்தான் ஆண்டுதோறும் தசலட்சணப் பருவத்தில் அன்னதானம் செய்து வந்தேன். கருவி கொடுப்பது விலக்கு எனின், முதலீடு கொடுப்பது யாது? விற்றுவிடுங்கள் என்கிறான் மகன். விற்றால் பங்கு வேறு கைக்குப் போகும். கழிவுநீர் அதே வழியில்தான் போகும். வைத்திருந்தால், பங்குதாரர் என்ற முறையில் ஒரு வினாவேனும் கேட்கலாம்.

ஆகவே, உங்கள் ஆலையின் நீர் வெளியேறி எங்கே சேருகிறது என்று வினவிக் கடிதம் எழுதியிருக்கிறேன். நான்கு மாதங்கள் ஆயின, விடை வரவில்லை. இரண்டாம் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியுள்ளேன். இவ்வாண்டின் அன்னதானத்தை ஓய்வூதியத்திலிருந்து செய்ய எண்ணம்.