கையெழுத்தும் தலையெழுத்தும்

கட்டடம் இடிந்து மக்கள் மாண்டார்கள் என்ற செய்தி வந்ததும் நாட்டிலே இரண்டு குரல்கள் எழும். "எல்லாம் அவரவர் தலையெழுத்து" என்பது ஒன்று. "இலஞ்சம் பாய்ந்தது, கட்டடம் சாய்ந்தது" என்பது மற்றொன்று. முதற்குரலின் பொய்மையை இவ்வேட்டைப் படிக்கும் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிமெண்டு குறைந்ததும் கம்பி மெலிந்ததும் எவர் தலையிலும் எழுதப்பட்டவை அல்ல. கட்டியவரின் கணக்கேட்டிலே எழுதப்பட்டவை. இரண்டாம் குரலிலே சினம் இருக்கிறது. சினத்திலே நியாயமும் இருக்கிறது. ஆனால் முழு உண்மை இருக்கிறதா? இலஞ்சம் வாங்காத ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்திருந்தால், அந்தக் கட்டடம் நின்றிருக்குமா?

இந்தக் கேள்வியைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். நேர்மை ஒன்றே போதுமா? அறியாமை குற்றமாகுமா?

கட்டட ஆய்வாளர் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் எல்லாம் கற்றவர். தூண் தாங்காது என்பதையும் அறிந்தவர். ஆயினும் கை நீட்டிக் காசு வாங்கிக்கொண்டு கையொப்பம் இடுகிறார். மற்றவர், பிறர் காசில் ஒரு குவளைத் தேநீரும் பருகாதவர்; ஆனால் தூண் தாங்குமா தாங்காதா என்று கணக்கிடத் தெரியாதவர். அவரும் கையொப்பம் இடுகிறார். இரு கட்டடங்களும் ஒரே இரவில் விழுகின்றன. உத்தமர் ஒப்பமிட்ட சுவர், உறங்குவோர் மேல் மெத்தென்றா விழும்? இடிபாட்டுக்கு அடியிலே கிடப்பவனுக்கு இருவரில் எவர் ஒப்பமிட்டால் என்ன?

ஆயினும் உலகம் முதல்வரைச் சிறைக்கு அனுப்பும். இரண்டாமவரைப் பார்த்து, "பாவம், நல்ல மனிதர், அவருக்குத் தெரியாது" என்று பரிவு காட்டும். அந்தப் பரிவுதான் ஆராயத்தக்கது.

உழவருக்குக் கம்பியின் கணக்குத் தெரியாது. அது குற்றமன்று, தெரியும் என்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. ஆய்வாளர் நிலை வேறு. அவர் அமர்ந்திருக்கும் நாற்காலியே, 'எனக்குத் தெரியும்' என்று ஊருக்கு அறிவிக்கிறது. அவர் இடும் ஒப்பத்துக்குப் பொருள் மூன்று: பார்த்தேன், பார்த்ததைப் புரிந்துகொண்டேன், பாதுகாப்பானது என்று கண்டேன். நடுவிலுள்ள சொல் பொய்யானால், காசு கைமாறாவிட்டாலும், அந்த ஒப்பம் பொய்யே. எனவே, பதவியில் அமர்ந்தவரின் அறியாமை வெறும் குறை அன்று; நேர்மையின்மையின் இன்னொரு வடிவம்.

கடுமையான சொல் என்று தோன்றலாம். இலண்டன் மாநகரில் நடந்ததைப் பாருங்கள். கிரென்பெல் கோபுரம் என்ற 24 மாடிக் குடியிருப்பு. 2017 சூன் 14 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், நான்காம் மாடி வீடொன்றின் சமையலறையில் பிடித்த தீ, வெளிச்சுவரைப் பற்றி, அரைமணி நேரத்துக்குள் உச்சியை எட்டியது. 72 உயிர்கள் பலியாயின. புதுப்பிக்கும்போது சுவருக்கு வெளியே போர்த்திய அலுமினியத் தகடுகளின் நடுவே எரியக்கூடிய பாலித்தீன் இருந்ததே தீ பரவியதற்குத் தலையாய காரணம். அந்தப் புதுப்பிப்புப் பணி முடிந்தது என்று உள்ளாட்சி மன்றத்தின் கட்டடத் துறை சான்று வழங்கியது 2016இல். ஓராண்டும் நிறையவில்லை, சான்று தாளாகவே இருந்தது, கோபுரம் சாம்பலாயிற்று.

விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வெளிவந்தது. பொருள் விற்றவர்களின் புரட்டையும் அரசின் அசட்டையையும் அது அம்பலப்படுத்தியது. கட்டடத் துறையின் ஆய்வாளரைப் பற்றியும் பேசியது. அவர் இலஞ்சம் வாங்கினார் என்பதன்று குறை. பணியோ நீண்ட காலப் பணி. தோளிலோ ஒரே வேளையில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களின் சுமை. அந்தத் தகட்டின் தீங்கைப் பற்றியோ போதிய பயிற்சி இல்லை. இலஞ்சத்துக்கு அடைத்த கதவின் வழியே அறியாமை நுழைந்தது! ஆண்டுகள் பல கழிவதால் அறிவு தானே வளராது. அனுபவம் கண்ணுக்குப் பழக்கம் தரும். புதிய பொருள் வரும்போது, அந்தப் பழக்கமே கண்ணுக்குத் திரையாகிவிடும்.

கண்ணால் பார்த்தால் விளங்காதா என்று கேட்போர் உண்டு. 1981 சூலை 17 அன்று, அமெரிக்காவின் கான்சஸ் நகரத்து ஓட்டல் ஒன்றில், கூடத்தின் மேலே கம்பிகளில் தொங்கிய நடைபாலங்கள் இரண்டு அறுந்து விழுந்தன. 114 பேர் மாண்டனர். முதல் வரைபடத்தில், மேற்பாலமும் கீழ்ப்பாலமும் ஒரே நீண்ட கம்பியிலே தனித்தனியே தொங்குவதாக இருந்தது. வேலையை எளிதாக்கக் கம்பியை இரண்டாக்கி, கீழ்ப்பாலத்தை மேற்பாலத்திலேயே தொங்கவிட்டனர். ஒரு கயிற்றை இருவர் பற்றித் தொங்கினால், ஒவ்வொருவர் கையும் அவரவர் எடையைத் தாங்கினால் போதும். கீழே இருப்பவர் கயிற்றை விட்டு, மேலே இருப்பவரின் காலைப் பற்றினால்? மேலே இருப்பவரின் கை இருவர் எடையைத் தாங்கவேண்டும். செய்தி இவ்வளவே! பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும். ஆனால் அந்த மாற்றத்தை உட்கார்ந்து கணக்கிட்டவர் இல்லை. பார்த்த கண்களுக்குப் பளபளக்கும் பாலம் தெரிந்தது. அதன் பிடியிலே இரட்டிப்பான சுமை தெரியவில்லை.

நம் ஊர்ப் பணிகளும் அப்படித்தான். தளம் போட்டுவிட்டால் உள்ளே கம்பி எத்தனை என்று எந்தக் கண் காணும்? கம்பி கட்டி முடித்த பின், காங்கிரீட் கொட்டுவதற்கு முன் வந்து எண்ணவேண்டும். சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் இடைவெளி விட்டிருக்கிறார்களா, கலவையிலே நீர் மிகுந்துவிட்டதா, 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகளாக வார்த்து 28 நாள் ஊறவைத்து நொறுக்கிச் சோதித்தார்களா என்றெல்லாம் கேட்கவேண்டும். கேட்பதற்கு, என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும். வெள்ளையடித்து முடிந்த பின் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, இளநீர் பருகிச் செல்வது ஆய்வன்று; விருந்து.

2014 சூன் 28 அன்று, சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் மழை மாலையில் சரிந்தது. மாண்டவர் 61 பேர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளர்கள். இடியும் மின்னலும் காரணம் என்று கூடச் சொல்லிப் பார்த்தார்கள். வானத்தின் மேல் பழி சுமத்துவது எளிது, வானம் வழக்காடாது!

பள்ளியிலே பணியாற்றும் நமக்கு இவை ஏட்டுச் செய்திகள் அல்ல. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத் தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. இன்றும் ஒவ்வொரு பள்ளியின் கோப்பிலும் கட்டட உறுதிச் சான்று இருக்கிறது. காலையில் நாற்பது பிள்ளைகளை வகுப்பறையில் அமர்த்தும்போது, அந்தத் தாளை நம்பித்தான் அமர்த்துகிறோம். கரும்பலகையிலே எழுத்துப்பிழை நேர்ந்தால் துடைத்துவிட்டு எழுதலாம். கூரையிலே நேர்ந்த பிழையைத் துடைப்பதற்கு எந்தத் துணி இருக்கிறது?

தண்டனையைக் கூட்டுவோம், எல்லாம் சரியாகும் என்பர் சிலர். ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோன் மன்னன் அம்முராபி அதைச் செய்தான். வீடு இடிந்து உடையவன் இறந்தால், கட்டியவனுக்குக் கொலைத்தண்டனை. உடையவனின் மகன் இறந்தால், கட்டியவனின் மகனுக்குக் கொலைத்தண்டனை! குற்றம் செய்யாத மகனும் சாகவேண்டும். அச்சம் கையை நடுங்கச் செய்யும். கணக்கைக் கற்றுத் தராது. தெரிந்தே தீங்கிழைப்பவனைத் தண்டிக்கத்தான் வேண்டும். தெரியாதவனுக்குத் தேவை தண்டனைக்கு முன்னே பாடம்.

பாடம் சொல்லித் தராமல் நாற்காலியில் அமர்த்தியது யார்? அலுவலகக் கோப்புகளும் ஊர்க் கட்டடங்களும் ஒருவர் தலையிலேயே என்று சுமத்தியது யார்? அவ்வாறு செய்த ஆட்சிக்கும் அந்தப் பொய்யான ஒப்பத்தில் பங்கு உண்டு. இங்கிலாந்து காலம் கடந்தேனும் இதை உணர்ந்தது. 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிற்று. 2024 முதல், பதிவு பெறாதவர் அங்கே கட்டட ஆய்வாளராகப் பணியாற்றுதல் குற்றம். பதிவுக்கு முன் தகுதி சோதிக்கப்படுகிறது. பயிற்சி நிலையில் இருப்பவர் மேற்பார்வையின் கீழ்தான் பணியாற்றலாம். நான்காண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். 72 பேர் மாண்ட பிறகு கற்ற பாடத்தை நாம் மாளாமலே கற்றால் என்ன?

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் வெளிவந்து, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. நூல் வளர்ந்தது, நூலை ஏந்தும் கை வளர்ந்ததா? பணியில் சேர்ந்த நாளில் எழுதிய தேர்வே ஓய்வு பெறும் நாள்வரை போதும் என்பது எந்த அறிவுக்குப் பொருந்தும்? ஆண்டுதோறும் பயிற்சி வேண்டும். கட்டடத்தின் உயரத்துக்கேற்ப ஆய்வாளரின் தகுதியும் உயரவேண்டும். ஒருவருக்கு இத்தனை கட்டடங்களே என்ற வரம்பு வேண்டும். ஒப்பமிட மறுப்பவரை ஊர் மாற்றித் துரத்தாத காப்பு வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக வேண்டுவது ஒன்றுண்டு: "இது எனக்குத் தெரியாது, தெரிந்தவரை அழையுங்கள்" என்று சொல்லும் துணிவு. பகுத்தறிவு என்பது எல்லாம் தெரியும் என்ற மிடுக்கன்று; தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையே கோடு கிழிக்கும் நேர்மை. அந்தக் கோட்டில் நின்று பேனாவை மூடி வைப்பவர், ஆயிரம் கோப்புகளில் ஒப்பமிட்டவரைவிட உயர்ந்தவர்.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளி, திரையரங்கு, மருத்துவமனை எதுவாயினும், சான்று இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். பார்த்தவர் யார், எந்தக் கட்டத்தில் பார்த்தார், எதைச் சோதித்தார் என்றும் கேளுங்கள். கேட்பது பகையன்று, கற்க விரும்பும் ஆய்வாளருக்கு அதுவே துணை. தலையெழுத்து என்று ஒன்று இல்லை. இருப்பது கையெழுத்து. அதை இடும் கை கற்ற கையாக இருக்கட்டும்!