விலை கொடுத்ததும் அமானிதமாய் வந்ததும்



அஸர் தொழுகைக்குப் பின் நம் கடை வாசலில் கூடும் வாலிபர்களுக்குப் பந்து விளையாட்டை விட்டால் வேறு பேச்சில்லை. மான்செஸ்டர் சிட்டி 2008 முதல் அபுதாபியின் கையில், பாரிஸ் குழு 2011 முதல் கத்தாரின் கையில், நியூகாசில் 2021 முதல் சவூதியின் கையில், எல்லாம் முஸ்லிம் பணம் என்று பெருமை பேசுகிறார்கள். பணத்துக்குக் கலிமா சொல்லிக் கொடுத்தவர் எவருமில்லை. அது கிடக்கட்டும். அந்நிய தேசத்துச் செல்வர் ஓர் ஊரின் குழுவை வாங்கினால் என்ன நேரும் என்பதை அறிய அரபு நாடு வரை போக வேண்டியதில்லை. நம் ஜொகூரில், பத்து பஹாட்டில் 1952ல் பிறந்த டான் ஸ்ரீ வின்சென்ட் டான் அவர்களின் விஷயமே போதும்.

வேல்ஸ் தேசத்துக் கார்டிஃப் நகரக் குழு கடனில் தத்தளித்த 2010ல் அவர் கை கொடுத்தார். தலைமுறை தலைமுறையாக நீலச் சட்டை அணிந்த குழு அது. அதன் செல்லப் பெயரே நீலப் பறவைகள். 2012ல் அவர் அச்சட்டையைச் சிவப்பாக்கினார். சின்னத்திலிருந்த பறவை சிறுத்தது, டிராகன் பெருத்தது. சிவப்பு ராசியான நிறம், ஆசியச் சந்தையில் எடுபடும் என்பது கணக்கு. நியாயமாகப் பேசுவோம்: அவர் பணம் வேலை செய்தது. 1962ல் மேல் பிரிவை விட்டு இறங்கிய குழு 51 ஆண்டுக்குப் பின் 2013ல் அங்கே ஏறியது. மறு ஆண்டே இறங்கியது என்பது வேறு. ஜெயித்த நாளிலும் நீலத் துண்டைக் கழுத்தை விட்டு எடுக்காதவர்கள் அந்த ஊரில் ஏராளம்.

நமக்கு இது புரியாத சங்கதியா? ஒரு கடையை வாங்குகிறோம். சரக்கு, அலமாரி, கல்லாப்பெட்டி, வாடகை முன்பணம், எல்லாவற்றுக்கும் விலை பேசலாம். காலை ஆறு மணிக்கு வந்து அதே மூலை நாற்காலியில் அமரும் பெரியவருக்கு என்ன விலை? அவர் விற்றவருக்கும் சொந்தமில்லை, வாங்கியவருக்கும் சொந்தமில்லை. அவர் வருகை நம்மிடம் வந்த அமானிதம். அந்த நாற்காலியை எடுத்துவிட்டுக் குளிர்பானப் பெட்டி வைத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பெட்டி நிறைந்திருந்தது, கடை காலியாயிற்று.

பொருளுக்கு நாம் எஜமானர்கள் அல்லர், அல்லாஹ்வால் பொறுப்பேற்கச் செய்யப்பட்டவர்கள் என்பது திருமறையின் போதனை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டிப் பிறர் மனதை நோகடிப்பவனின் தர்மத்தைப் பாறை மேல் படிந்த மண்ணுக்கு அது ஒப்பிடுகிறது. பெருமழை ஒன்று பெய்தால் மிஞ்சுவது வழுக்குப் பாறைதான். கடையை வாங்கியவனுக்கும் பள்ளிக்குக் கொடுத்தவனுக்கும் அந்த மழை ஒன்றே.

2015 ஜனவரியில் டான் ஸ்ரீ நீலத்தைத் திருப்பிக் கொடுத்தார். பௌத்தரான தம் தாயார் ஒற்றுமையைப் பற்றி எடுத்துச் சொன்னதும் காரணம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். கோடீசுவரர் ஒருவர் தாயின் சொல்லுக்குச் செவி சாய்த்தார். ஊரார் கூச்சல் மூன்றாண்டு சாதிக்காததை அந்த அம்மையார் சாதித்தார். கார்டிஃப் குழுவில் எத்தனை கோடி போட்டார் என்பதை விட இதுவே நம் மனதில் நிற்கிறது.

இவ்வளவும் எழுதும்போது நம் கை கூசுகிறது. சில வருஷங்களுக்கு முன் மதரஸாவின் கூரை ஒழுகியபோது ஒரு தனவந்தர் முழுச் செலவையும் ஏற்க முன்வந்தார். வாசலில் இருந்த பழைய பெயரை எடுத்துத் தம் தகப்பனார் பெயரை வைக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பழைய பெயர், கிடங்குக் கூலிகளாக இருந்த நம் முன்னோர் வாரக்கூலியில் காசு சேர்த்துக் கட்டியபோது வைத்தது. ஜமாஅத்தில் எதிர்த்தவர் இருவர். நாம் அந்த இருவரில் இல்லை. சிமெண்டு விலை ஏறிக்கொண்டிருந்தது. சரியென்று கை தூக்கினோம். கூரை இப்போது ஒழுகுவதில்லை. எதிர்த்த இருவரில் ஒருவர் அதன் பின் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பழைய பலகை சாமான் அறையில், பிரம்புப் பாய்களுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச நாம் எழுந்திருக்கப் போகிறோம். அதற்கு முன் அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.