எலும்பில்லாத் துண்டும் மனச்சாட்சியும்

மக்டொனால்ட்ஸ் 1983-இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்குக் கொண்டுவந்த சிக்கன் நகெட்டில் எலும்பு இல்லை, சிறகின் வடிவம் இல்லை. அரைத்த கறியை வடிவாக்கி, மாவில் தோய்த்துப் பொரித்த பொன்னிறத் துண்டு அது. கடித்தால் மொறுமொறுப்பு தெரியும். ஓர் உயிர் இருந்தது தெரியாது. கறிக்கோழியின் வாழ்நாளோ ஏறக்குறைய 6 வாரம்தான். ரசித்து உண்பவர் அந்த உயிருக்குப் பொறுப்பாளியா? ஆம் என்பதே என் பதில்.

“நான் கொல்லவில்லை, செத்ததைத்தான் வாங்குகிறேன்” என்பார்கள். ஆனால் இன்று விற்றதைக் கணக்கிட்டுத்தான் கடை நாளைய சரக்கை வரவழைக்கிறது. வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை என்பதைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் அன்றே கண்டுகொண்டது. ஒருவர் நிறுத்தினால் உலகம் மாறிவிடுமா என்று கேட்கலாம். மாறாமல் போகலாம், அதனால் அவருடைய பங்கு இல்லையென்று ஆகிவிடாது. எளியவருக்கும் எட்டும் விலையில் கறி கிடைப்பது நல்லதுதானே என்ற வாதத்தை மதிக்கிறேன். பசிக்கு உண்பவரைப் பழிக்கவும் இல்லை. ஆனால் உண்பது ஓர் உயிரை என்பதை மறக்கக்கூடாது. அறுக்கும்போது இறைவன் பெயரைச் சொல்லச் சொல்கிறது இஸ்லாம். உயிரை எடுப்பது அற்பச் செயலல்ல என்ற நினைவு அதில் இருக்கிறது. நகெட் வரும் அட்டைப்பெட்டி மறைப்பது அந்த நினைவைத்தான். உண்பவர் அறிந்து உண்ணட்டும். அறிந்தவர் கை தானாகவே அளவறியும்.