தச்சரின் கூலி



வீட்டிற்கு ஓர் அலமாரியோ தொட்டிலோ செய்ய ஆசாரியை அழைக்கிறோம். கூலி கேட்டால், "நீங்களே பார்த்துக் கொடுங்கள் பாய்" என்கிறார். நாமும் சரியென்று விட்டுவிடுகிறோம். பின்னால் வரும் மனக்கசப்புக்கு இதுதான் விதை.

இன்ன மரம், இன்ன அளவு, இத்தனை நாள், இவ்வளவு கூலி என்று முன்பே பேசி முடிக்க வேண்டும். மரமும் அவருடையதானால் ஹனஃபி ஃபிக்ஹில் அது 'இஸ்திஸ்னாஃ'. மரம் நம்முடையதானால் 'இஜாரா'. இரண்டிலும் தெளிவு தேவை. வேலை நடுவில் "இன்னும் ஒரு தட்டு வையுங்கள்" என்கிறோமே, தட்டு கூடினால் கூலியும் கூட வேண்டாமா?

நாமே தவறியதுண்டு. கித்தாபுகள் வைக்க அலமாரி செய்து தந்தவரிடம், கையில் பணம் இருந்தும், "வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் உளியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அன்றிரவு அதே அலமாரியில் புகாரி ஷரீஃபை அடுக்கினோம். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராகக் கியாமத் நாளில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற ஹதீஸ் அதில்தானே இருக்கிறது! உறக்கம் வரவில்லை. சுபுஹு தொழுததும் அவர் வீடு தேடிச் சென்று கொடுத்தோம்.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நபி ஸகரிய்யா (அலை) அவர்களும் தச்சராயிருந்தவர்களே. அத்தொழில் செய்யும் கையை நம் வாசலில் காக்க வைக்கலாமா?

பிறர் ஹக்கைப் பேணி வாழ வல்ல நாயன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.