பயனை விஞ்சிய படிகள்

ஒரு பொருள் தன் பயனுக்கு வேண்டிய அளவினும் மேலான அழகோடு விளங்குவது குற்றமாகுமா? இலண்டன் மாநகரில் செயிண்ட் பங்கராஸ் புகைவண்டி நிலையத்தின் முகப்பாக எழுந்து நிற்கும் மிட்லண்ட் கிராண்ட் விடுதியை வடிவமைத்த ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டுக்கே இவ்வையம் இருந்தது. தம் படைப்பு அதன் நோக்கத்திற்கு மிஞ்சிய சிறப்பைப் பெற்றுவிட்டதோ எனத் தம் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதி வைத்தார். வழிப்போக்கர் ஓரிரவு துயில்வதற்குப் பேராலயத்தின் கம்பீரம் எதற்கு என வினவுவோர்க்கு விடை கூறுவது எளிதன்று.

1873ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்விடுதியின் உயிர் அதன் மாடிப்படியில் இருக்கிறது. ஒன்றாகத் தொடங்கி, இரண்டாகப் பிரிந்து, வளைந்து வளைந்து அது மேலேறுகிறது. அடியில் தாங்கும் இரும்பு விட்டங்களை ஸ்காட் மறைத்தாரில்லை. அவற்றையே அணிகலன் ஆக்கினார். தலைக்கு மேலே விண்மீன்கள் தீட்டிய விதானம்; அதனையொட்டி நற்பண்புகளின் உருவ ஓவியங்கள்.

அந்த நற்பண்புகளின் பார்வையில் ஏறிச் சென்றோர் செல்வர்கள். அவர்தம் அறைகளின் கணப்புகளுக்கு நிலக்கரி சுமந்த பணியாட்களுக்கோ வேறு படிகள் இருந்தன. இன்னும் பின்னோக்கிச் சென்றால் நெஞ்சு கனக்கும். 1860களில் இருப்புப்பாதைக்கு இடம் வேண்டி ஏகர் டவுன் என்னும் ஏழையர் குடியிருப்பு தரைமட்டமாக்கப்பட்டது. வார வாடகைக்கு இருந்தவர்களுக்கு இழப்பீடு ஏது? இறந்தோரும் தப்பவில்லை. பழைய இடுகாட்டின் ஒரு பகுதி தோண்டப்பட்டபோது அப்பணியை மேற்பார்த்தவர்களுள் ஒருவர், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற தாமஸ் ஹார்டி.

இத்தகைய மண்ணில் எழுந்த அழகைப் போற்றலாமா? போற்றலாகாது என்போரின் சினம் நேர்மையானதே. ஆயினும் படிக்கட்டைத் தகர்த்தால் ஏகர் டவுனின் ஒரு குடிசையேனும் மீளுமா? கல் செதுக்கிய கொத்தனின் கைத்திறனும் அல்லவா அதனோடு மாளும்! அவனும் ஏழைதான். எனினும் அழகு பழியைக் கழுவிவிடும் என்று வாதிடுவதும் பொருந்தாது. கட்டடத்தைக் காப்பவர், அது யாருடைய வீடுகளின் மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்தே காக்கக் கடமைப்பட்டவர். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் காப்பது பாதி உண்மை.

காலமும் தன் பங்குக்கு ஒரு தீர்ப்பு வழங்கியது. ஏறத்தாழ முந்நூறு அறைகளுக்குக் குளியலறைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. தீக்கு அஞ்சி அமைத்த கனத்த தளங்களைத் துளைத்துக் குழாய் பதிப்பதும் அரிதாயிற்று. 1935இல் விடுதி மூடப்பட்டு, இருப்புப்பாதை அலுவலகமாயிற்று. அண்டையிலிருந்த யூஸ்டன் வளைவு 1961-62இல் இடிக்கப்பட்டது கண்டு, அடுத்தது இதுவே எனப் பலரும் அஞ்சினர். கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலானோர் குரல் கொடுத்தனர். 1967இல் இதற்கு முதல்நிலைப் பாதுகாப்புக் கிடைத்தது. மாற்றார் எள்ளிய ‘மிகையான அழகு’தான் அதனைக் காத்தது போலும்!

2011இல் அது மீண்டும் விடுதியாயிற்று. செல்வர் தங்கும் சொகுசு விடுதியாகவே. யாருக்காகக் காத்தோம் என்று காத்தவர்கள் கேட்டுக்கொண்டார்களோ, இல்லையோ! இடைப்பட்ட அலுவலக நாள்களில், வண்ணம் மங்கிய அந்த விண்மீன்களின் கீழே, அறைவாடகை எதுவும் தராமல், கோப்புகளைச் சுமந்துகொண்டு சாதாரண எழுத்தர்கள் அப்படிகளில் ஏறி இறங்கினார்கள்.