திருப்பக் கூடாத முட்டை

தை முதல் பங்குனி வரை, புதுச்சேரிக்குத் தெற்கே நரம்பை, புதுக்குப்பம், மூர்த்திக்குப்பம் மணலில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். புதுச்சேரி நகரக் கரையில் அதற்கு இடம் இல்லாமல் போனது. 1980களின் இறுதியில் துறைமுகம் கட்டியபின் மணல் அரித்துப்போய், கரையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல்லில் ஆமை எப்படிக் குழி தோண்டும்?

தெற்கே மணல் மிஞ்சிய இடங்களில், நாய் முந்திக்கொள்வதற்குள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்கு மாற்றவேண்டியிருக்கிறது. எடுப்பவர் மண்டியிட்டு, முழங்கை மறையும் ஆழத்துக்குக் கையை விடுகிறார். ஒரு குழியில் சுமார் 100 முட்டை இருக்கும். ஓடு தோல் மாதிரி. விரல் பட்டாலே குழிகிறது. மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி ஒவ்வொன்றாக எடுக்கிறார், பேசுவதில்லை. இட்ட சில மணி நேரத்தில் கரு மேல்புறச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டை புரண்டால் கரு செத்துவிடக்கூடும்.

கோழி முட்டையோ நேரெதிர். அடைக்கோழி ஒரு நாளில் பல தடவை முட்டையை உருட்டிவிடும். உருட்டாமல் விட்டால் கரு சவ்வோடு ஒட்டிப் பொரியாமலே போகலாம்.

சூட்டின் கதை இன்னும் நுட்பமானது. மணல் 29, 30 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். அதற்கு மேல் சூடானால் பெண் பெருகும், குளிர்ந்தால் ஆண். இது தெரியாத காலத்தில், பல நாடுகளில் ஆமை முட்டைகளைப் பத்திரமாகத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துப் பொரித்தார்கள். பெட்டிக்குள் மணலைவிடக் குளிர்ச்சி. ஆண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறக்கின்றன என்று 1982ல் ஆமை ஆய்வாளர் நிக்கோலஸ் மிரசோவ்ஸ்கி எச்சரித்தார். அதுவரை குஞ்சுகள் நன்றாகத்தான் பொரிந்தன, நன்றாகத்தான் நீந்திப் போயின. அக்கறைக்குக் குறைவில்லை, முட்டைக்கு என்ன வேண்டும் என்ற அறிவுதான் இல்லை.

என் அப்பா படுக்கையில் விழுந்தபோது இரண்டு மணிக்கொரு தரம் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தோம். புண் வராமல் இருந்தது அதனால்தான். அவர் போனபின், வந்த சொந்தங்கள் அம்மாவையும் அப்படியே புரட்டினார்கள்: கோயிலுக்கு வா, ஊருக்கு வா, அழாதே, எழுந்து நட. எல்லாம் பாசம்தான். அம்மா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்திருக்க விரும்பினாள், அவ்வளவுதான். ஒருவருக்குத் தேவைப்பட்ட கை இன்னொருவருக்குத் தேவைப்படவில்லை. எது யாருக்கு என்று பார்க்கிற பொறுமையைத்தான் நான் அன்பு என்பேன்; மற்றது நம் பதற்றம்.

ஆமை முட்டையிடும் பருவத்தில் கடற்கரையில் ஆமைக் குழியைக் கண்டால் தோண்டாதீர்கள், முட்டையைக் கையில் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, நாய் நெருங்காமல் பக்கத்தில் நின்று, உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.