கரைத்தலும் திரட்டலும்

பாவத்தை நீரில் கரைத்துவிடலாம் என்பது நமக்கு வெகுநாள் பழகிய நம்பிக்கை. கழிவை ஆற்றில் விடும் தொழிற்சாலையும் இதே நம்பிக்கையில்தான் இயங்குகிறது. கரைந்தது கண்ணில் படாது; கண்ணில் படாததற்குச் சொந்தக்காரனும் கிடையாது.

1991ல் மெல் சின் என்ற அமெரிக்கச் சிற்பி, மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில், காட்மியம் ஊறிப்போன ‘பிக்ஸ் ஐ’ குப்பைமேட்டில் செடிகள் நட்டார். துணைநின்றவர் ரூஃபஸ் சேனி என்ற வேளாண் விஞ்ஞானி. உலோகத்தை உறிஞ்சும் செடிகளைப் பயிரிட்டு மண்ணை மீட்கலாம் என்று 1983லேயே சொன்னவர். சதுர வேலி, உள்ளே வட்டமாகப் பாத்திகள். நட்டவற்றுள் கடுகுக்கு உறவான த்லாஸ்பி என்ற சிறுசெடி காட்மியத்தையும் துத்தநாகத்தையும் இலைகளில் சேர்த்துக்கொண்டது. வேண்டாததை நீக்கி வடிவம் காண்பதுதான் சிற்பம் என்றால், மண்ணிலிருந்து விஷத்தை நீக்குவதும் சிற்பமே என்பது சின்னின் நிலை. 1990ல் இதற்கான அரசுக் கலை நிதியை, அந்த அமைப்பின் தலைவர் முதலில் மறுத்து, பிறகு இசைந்தார்.

இது கலையா என்பதைவிட, இது சுத்திகரிப்பா என்ற கேள்விதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. காட்மியம் ஒரு தனிமம். எண்ணெய்க் கழிவைச் சிதைப்பதுபோல நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிட முடியாது. செடியை அறுத்து, உலர்த்தி, எரித்தாலும் சாம்பலிலோ புகையிலோ அது இருக்கும். அழிந்தது எதுவுமில்லை. நிலமெங்கும் சிதறிக் கிடந்ததில் கொஞ்சம் ஒரு பிடிக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் செடியை நம் பாவம் சுமக்கும் தியாகியாகப் பாடிவிட ஆசை வரும், குறிப்பாகக் கவிஞர்களுக்கு. செடி நமக்காக எதுவும் செய்யவில்லை. இலையைத் தின்ன வரும் பூச்சியை விரட்ட உலோகம் உதவுகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. எப்படியானாலும் அது தன் காரியத்தைத்தான் பார்க்கிறது. அதற்குத் தியாகி என்று பட்டம் கட்டுவதும் ஒருவகைக் கரைத்தலே. நம் பொறுப்பை அதன் மகிமையில் கரைத்துவிடுகிறோம். மலக்குழியில் மனிதனை இறக்கிவிட்டு, அவன் செய்வது தெய்வப் பணி என்று பேசிய நாக்குகளுக்கு இந்த வித்தை புதிதல்ல.

செடி செய்திருப்பது இதற்கு நேரெதிர். நாம் கரைத்ததை அது திரட்டித் தந்திருக்கிறது. சாம்பலை எடைபோடலாம், எங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்லலாம், இது யாருடையது என்று கேட்கலாம். ஆற்றைப் பார்த்துக் கேட்டால் பதில் வராத கேள்வி அது. மன்னிப்பு, பரிகாரம் எல்லாம் அதற்கு அப்புறம் பேசவேண்டியவை. முதலில் அந்தச் சாம்பலை வாங்கிக்கொள்ள ஒருவன் கை நீட்டவேண்டும். நீட்டும்வரை, வயல் சுத்தமாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நான் நம்பத் தயாராக இல்லை.